கில்லரின் தட்டு

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது கண்டுபிடித்து என் மூஞ்சியில் எறிவதைவிட அது மேல்.

யாரவீனா ஆஸ்பத்திரியின் கார் நிறுத்துமிடத்தில், வெள்ளைக்கோடு போட்ட நீளக் கட்டம் ஒன்றில், ஒரு ஜோடி பெரிய ஆம்பிளை பூட்ஸ் நின்றுகொண்டிருந்தது. பதிமூன்றாம் நம்பர். இடது காலுக்குச் சிவப்பு நாடா, வலது காலுக்கு மஞ்சள் நாடா. பக்கத்தில் ஒரு நாய்த்தட்டு கவிழ்ந்து கிடந்தது. அவ்வளவுதான். பூட்ஸுக்குப் பின்னால் நிற்க வேண்டிய ஏழு மீட்டர் வண்டி இல்லை. புதன்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு இருந்தது, பத்துக்கு இல்லை.

அந்த வண்டிதான் நோரீன் டக்வெல்லுக்கு வீடு. அவளுக்கு வயது எழுபத்தொன்று. ரத்தப் பரிசோதனைக்கு நாற்பது நிமிடம் உள்ளே போயிருந்தாள். கட்டில், அடுப்பு, கம்பளி, மாத்திரை, கண்ணாடி, கல்யாணப் படம், எல்லாம் வண்டிக்குள். வேறு வீடு கிடையாது. பெண்டிகோ நகரத்தில் இருந்த வீட்டை விற்றுத்தான் இதை வாங்கினாள். சாயங்காலம் நான் போய்ச் சேர்ந்தபோதுகூட அவள் அந்தக் கட்டத்தைவிட்டு நகரவில்லை. அதில் கார் நிறுத்த வந்தவர்களையெல்லாம் துரத்திக்கொண்டிருந்தாள்.

மூன்று முறை இதை எழுத ஆரம்பித்தேன். மூன்றையும் அழிக்காமல் விட்டுவைக்கிறேன்.

[திருடனாகப் பிறந்தவன் என்று உலகத்தில் —] வேண்டாம். அவன் பிறந்ததைப் பற்றி எனக்கு அக்கறையில்லை.

[குவீன்ஸ்லாந்தின் குளிர்காலத்தில் வானம் எப்படி இருக்கும் என்றால் —] வானத்தை யாரும் திருடவில்லை.

[நான் ஒரு பொய்யன்.] இது சரியான வாக்கியம்தான். ஆனால் இடம் இதுவல்ல. எடுத்து ஓரமாக வைத்திருக்கிறேன்.

2

எங்கள் ஜனத்துக்கு, அதாவது வேலையிலிருந்து ஓய்வுபெற்று வீட்டு வண்டியிலேயே ஆஸ்திரேலியாவைச் சுற்றுகிற கிழடுகளுக்கு, ஒரு வழக்கம் உண்டு. குளிர் வந்தால் வண்டியோடு கதகதப்பான வடக்கே ஏறுவோம், வெயில் ஏறினால் தெற்கே இறங்குவோம். நடுவே எந்த முகாமில் நிறுத்தினாலும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வட்டமாக உட்காருவோம். அவரவர் கையில் அவரவர் பீர். நடுவில் யாராவது கொண்டுவந்த சீஸும் பிஸ்கட்டும். பக்கத்து நாற்காலிக்காரன் யார் என்று தெரியாது, கேட்பதும் இல்லை. முதல் பேச்சு, எந்த ஊர்க் குழாயில் நல்ல தண்ணீர் வருகிறது என்பது. இரண்டாவது முழங்கால் வலி. மூன்றாவது எப்போதும் பூட்டு.

பூட்டுப் பேச்சில் எங்களை நிறுத்த முடியாது. ஒருவர் எழுந்து நின்று, ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் சேர்த்து மாட்டுகிற இரும்புக் கம்பியைப் பற்றி வகுப்பெடுப்பார். ஒரு அம்மாள், நகையை எந்த மடையனாவது மேஜை இழுப்பறையில் வைப்பானா, என்னுடையது பாஸ்தா டப்பாவில், மேலிருந்து இரண்டாவது தட்டில் என்பாள். இன்னொருவர் டீசலை நிறுத்தும் ரகசிய சுவிட்ச் வைத்திருப்பார். அதைப் பார்ப்பதற்காக நாங்கள் பத்துப் பேரும் வரிசையில் போய் அவர் வண்டிக்குள் ஒவ்வொருவராகத் தலையை நுழைப்போம். பார்த்துவிட்டு, இதை எவனாலும் கண்டுபிடிக்க முடியாது என்று மெச்சிக்கொள்வோம்.

பன்னிரண்டு வருடமாக இந்தக் காட்சியைப் பார்க்கிறேன். இதில் எங்கேயோ கோளாறு இருக்கிறது என்று ஒருவருக்கும் உறைத்ததில்லை.* உறைத்திருக்க வேண்டியவன் நான், ஏனென்றால் அந்த வட்டத்தில் கதை சொல்கிறவன் நான். என் வண்டிக்கு அலாரம் கிடையாது என்று ஆரம்பிப்பேன். ஒரு காக்கட்டூ கிளி வளர்த்தேன், கதவருகே எவன் வந்தாலும் அவன் கார் நம்பரை மனப்பாடம் செய்து எனக்கு ஒப்பிக்கும் என்பேன். மூன்று திருடர்களைப் பிடித்துக் கொடுத்தது. நான்காவது திருடன் சைக்கிளில் வந்தான். நம்பர் இல்லை. பறவை மனமுடைந்து, பேச்சை நிறுத்தி, ஒரு வாரத்தில் பறந்து போய்விட்டது. இதைச் சொல்லும்போது நான் சிரிக்கமாட்டேன். மற்றவர்கள் சிரித்து முடித்ததும் பீரை ஒரு வாய் குடிப்பேன்.

* ஒரு நாள் வண்டியின் வெளிப்பெட்டிச் சாவியைத் தொலைத்துவிட்டேன். பக்கத்து வண்டிக்காரி தன் சாவியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். திறந்தது. அதே சாவியால் அவளுக்கு அடுத்த வண்டியைத் திறந்தோம். அதற்கடுத்ததையும். முகாமில் பதினோரு வண்டி, ஒன்பதின் பெட்டிகளை ஒரே சாவி திறந்தது. எல்லாரும் கைதட்டினோம். பிறகு அவரவர் பெட்டியைக் கவனமாகப் பூட்டிவிட்டுப் படுக்கப் போனோம்.

3

நோரீனின் ஏற்பாட்டைச் சொல்கிறேன்.

தனியாகப் பயணம் செய்கிற பெண்கள் பலரும் செய்வதுதான். வண்டிப் படியருகே ஒரு ஆம்பிளை பூட்ஸ், பக்கத்தில் பெரிய நாய்த்தட்டு. உள்ளே ஒரு தடியனும் ஒரு நாயும் இருப்பதாகப் பார்க்கிறவன் நினைத்துக்கொள்ள வேண்டும். தட்டில் ‘கில்லர்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள். நாயே வாங்கிவிடலாமே என்று டிங்கோ குட்டை முகாமில் ஒரு முறை கேட்டேன்.

“வாங்கினா அதுக்குச் சோறு போடணும், முடி கொட்டும், செத்துப்போச்சுன்னா அழணும்,” என்றாள். “கில்லர் அதுக்கெல்லாம் மேல.”

தட்டின் அடியில் சிமென்ட் ஊற்றிக் கனமாக்கியிருந்தாள். சிமென்ட் காய்வதற்கு முன் ஒரு சாவியை அழுத்திப் பள்ளம் எடுத்திருந்தாள். மாற்றுச் சாவி அந்தப் பள்ளத்தில் இருக்கும், மேலே சூயிங்கம் ஒட்டி. அதற்குக் காரணம் உண்டு, கேலி செய்வதற்கு முன் கேளுங்கள். ஒரு ஜனவரியில், எங்கள் ஊர்க் கடுங்கோடையில், கதவு தானாகப் பூட்டிக்கொண்டு, சாவியும் மாத்திரையும் உள்ளே, இவள் வெளியே. நிழலில்லாத சாலையோரத்தில் ஆறு மணி நேரம். ஒரு லாரிக்காரர் நிறுத்தாமல் போயிருந்தால் இந்தக் கதைக்கு ஆளே இல்லை. அதற்குப் பிறகு ஒரு சாவி எப்போதும் வெளியில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். கடைக்குப் போனாலும், தேவாலயத்துக்குப் போனாலும் பூட்ஸையும் தட்டையும் படியருகே எடுத்து வைக்காமல் போகமாட்டாள்.

தட்டின் அடியில் என்ன இருக்கிறது என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். பல் பிடுங்கப் போன அன்று வண்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் காட்டியிருந்தாள். ஐந்து மணி வட்டத்தில் பூட்டுப் பேச்சு வரும்போதெல்லாம் வாயைத் திறக்காமல் பின்னல் வேலை செய்துகொண்டிருப்பாள். எங்கள் கூட்டத்தில் மூளையுள்ள ஒரே ஆள்.

[அவளுடைய கண்களில் ஒரு வகைச் சோகம் —] சோகமெல்லாம் இல்லை. கண்புரை இருந்தது, எடுத்துவிட்டார்கள்.

4

இப்போது திருடனை எழுத வேண்டும். நல்ல எழுத்தாளன் திருடனுக்கும் ஒரு நியாயம் கொடுப்பான் என்கிறார்கள். கொடுத்துப் பார்த்தேன். அவனுக்கு நோயாளிக் குழந்தை ஒன்றைக் கொடுத்தேன். அதற்கு எலோயிஸ் என்று பெயர் வைத்தேன், மூச்சுத்திணறல் கொடுத்தேன். ஒரு பக்கம் ஓடியது. பிறகு கோபம் வந்து அந்தப் பக்கத்தைக் கிழித்து எறிந்தேன். எலோயிஸை நான் உண்டாக்கினேன், என் கைச்செலவில் அவன் எதற்கு நல்லவனாக வேண்டும்?

ஆனால் திருடனைவிட மற்றவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் கூடுதலாக இருந்தது. புதன்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு எதிர்ப் புல்வெளியில் எங்கள் ஜனம் ஏழெட்டு வண்டி வந்து கூடிவிட்டது. ஐந்து மணிக்கு நாற்காலிகள் வெளியே வந்தன. நோரீனுக்கு ஒன்று போட்டுக் கொடுத்தார்கள், டீயும் கொடுத்தார்கள். அப்புறம் ஆரம்பித்தார்கள். ஸ்டியரிங் கம்பி மாட்டினாயா என்றார் ஒருவர். மாட்டினாள், அதன் சாவியும் தட்டின் அடியில் மாற்றுச் சாவியோடு ஒரே வளையத்தில் இருந்தது. அதைத் தனியாக அல்லவா வைக்க வேண்டும் என்றார். செயற்கைக்கோளில் இடம் காட்டும் கருவி வாங்கு என்று நான் போன வருடமே சொல்லவில்லையா என்றாள் ஒருத்தி. நானாக இருந்தால், என்று ஒவ்வொருவரும் ஆரம்பித்தார்கள். வீடு போனவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, தங்கள் வீடு ஏன் போகாது என்பதை விளக்கிக்கொண்டிருந்தார்கள். திருடனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவன் ஏதோ மழை மாதிரி, வந்தால் வருவான், குடை எடுக்காதது இவள் தப்பு.

போலீஸ் நிலையத்தில் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். அந்த மரியாதையைத்தான் பொறுக்க முடியவில்லை.

“சாவி வெளியவே இருந்துச்சாம்மா?” என்று மூன்று முறை கேட்டு, மூன்று முறையும் எழுதிக்கொண்டார். வண்டி இந்நேரம் மாநில எல்லையைத் தாண்டியிருக்கும் என்றார். காப்பீட்டுக் கம்பெனியில் தொலைபேசி எடுத்த பெண்ணோ, சாவியை வெளியே வைத்தால் அது வேறு பிரிவில் வரும் என்றாள். எந்தப் பிரிவு என்று சொல்லவில்லை.

நோரீனின் மகன் டேரல் டூவூம்பாவிலிருந்து பேசினான். இந்த நாளுக்காக மூன்று வருடமாகக் காத்திருந்தவன்.

“போதும்மா. சனிக்கிழமை பன்னண்டு மணிக்கு அங்க இருப்பேன். பின்னறைய ஒழிச்சாச்சு. எக்ஸர்சைஸ் சைக்கிள மட்டும் ஓரமா தள்ளி வெச்சிருக்கோம்.”

“அதுக்கு முன்னாடி வண்டி கெடச்சா?”

“கெடச்சா நான் வந்த வழியே திரும்பிப் போறேன். கெடைக்காதும்மா.”

அந்த அறையின் ஒரே ஜன்னல் கராஜுக்குள் திறக்கும் என்று என்னிடம் சொன்னாள். வெளியே போக வேண்டுமென்றால் மருமகளிடம் கார் கேட்க வேண்டும். கதைப்படி இந்த இடத்தில் அவள் அழ வேண்டும். அவள் எழுந்து போய் கில்லரின் தட்டை ஓங்கி உதைத்தாள். சிமென்ட். கட்டைவிரல் நகம் பிளந்து ரத்தம் வந்தது. எதிரில்தான் ஆஸ்பத்திரி. போகமாட்டேன் என்றுவிட்டாள்.

5

வியாழக்கிழமை காலை போலீஸ்காரர் எங்களைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிக் கேமராவில் பதிந்ததைக் காட்டினார். முகம் தெரியவில்லை, தொப்பி. நடந்து வருகிறான். அக்கம்பக்கம் பார்க்கவில்லை. வண்டிக் கதவை இழுத்துப் பார்க்கவில்லை, ஜன்னலைத் தொடவில்லை. நேராகத் தட்டின் முன் குந்துகிறான். குந்தியவன் உடனே தட்டைத் தூக்கவில்லை. தட்டுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் வெறும் காற்றைச் சொறிகிறான். காதுக்குப் பின்னால் சொறிவதுபோல, இரண்டு விரலால். தோள் குலுங்குகிறது, சிரிக்கிறான். அப்புறம் தட்டைக் கவிழ்த்துச் சாவியை எடுக்கிறான்.

“என்ன பண்றான் இவன்?” என்றாள் நோரீன்.

போதை கேஸ் என்றார் போலீஸ்காரர்.

அவன் என்ன செய்கிறான் என்று எனக்குத் தெரியும். கில்லரைத் தடவிக்கொடுக்கிறான். இல்லாத நாயைத் தடவாமல் தட்டை எடுத்தால் கடித்துவிடும், அந்த அம்மாளே தினமும் தடவிவிட்டுத்தான் எடுப்பாள். இது நோரீன் செய்கிற காரியம் இல்லை. அவள் ஒரு நாளும் செய்ததில்லை. இது நான் உண்டாக்கியது.

6

நான் ஒரு பொய்யன். (முதல் பகுதியில் ஓரமாக வைத்தது. இதுதான் இடம்.)

மூன்று வாரத்துக்கு முன், இங்கிருந்து முன்னூறு கிலோமீட்டர் தள்ளி, கூலிபா மேடு முகாமில், ஐந்து மணி வட்டத்தில், காக்கட்டூ கதை எடுபடவில்லை. எல்லாரும் முன்பே கேட்டிருந்தார்கள். அன்று இரண்டு பீர் அதிகம். எனக்குத் தெரிந்த ஒரு டாஸ்மேனியாக்காரி, பெயர் டோரிஸ் என்று ஆரம்பித்தேன். இரண்டு நிற நாடா போட்ட பூட்ஸ், கில்லர், தட்டு. சிரித்தார்கள். தட்டைத் தூக்கும் முன் காற்றைத் தடவுவாள் என்று சேர்த்தேன். ஒருவர் இருமும் அளவுக்குச் சிரித்தார். வலது கை உடைந்த நாற்காலியில் ஒருவன் மாண்டரின் பழம் உரித்துக்கொண்டிருந்தான். நாற்பது வயதிருக்கும், எங்கள் கூட்டத்துக்கு இளசு. அவன் சிரிக்கவில்லை. முன்னால் சாய்ந்து, வாயில் பழத்தோடு கேட்டான்:

“அப்புறம்? சாவிய எங்க வெச்சிருந்தா?”

எழுபத்தாறு வருடத்தில் அவ்வளவு நல்ல கேட்பவனை நான் பார்த்ததில்லை. சொன்னேன். சிமென்ட், பள்ளம், சூயிங்கம் எல்லாம் சொன்னேன்.

[இதை நோரீனிடம் சொல்லாமல் மறைத்து, கடைசிப் பக்கத்தில் —] அப்படி ஒரு பிரதி எழுதினேன். அதில் நான் நல்லவனாகத் தெரிந்தேன். அடுப்பில் போட்டேன்.

போலீஸ் நிலையத்துக்கு வெளியே, என் வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து சொன்னேன். கட்டுப் போட்ட கட்டைவிரலைப் பார்த்தபடியே கேட்டாள்.

“டோரிஸ்னு பேர் வெச்சியா?”

“ஆமா.”

“டாஸ்மேனியாக்காரின்னியா?”

“சொன்னேன்.”

“பூட்ஸு?”

“பூட்ஸ மாத்தல.”

“ஏன்?”

“அது நல்லா இருந்துச்சு.”

பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாள். “யோவ் மெர்வ். நான் தனியா இருக்கேன்னு எவனுக்கும் தெரியக்கூடாதுன்னு அந்த பூட்ஸ வெச்சேன். நீ முன்னூறு கிலோமீட்டர் போயி, அதுக்குள்ள காலே இல்லன்னு சொல்லி சிரிக்க வெச்சிருக்க.”

நான் ஒன்று சொன்னேன், எழுதவே வெட்கமாக இருக்கிறது. அவன் என் கதையையும் சேர்த்துத்தானே திருடிவிட்டான் என்றேன்.

“உன் கதைக்கு மாத்திரை வேணுமா? அதுக்குப் படுக்க எடம் வேணுமா?” என்றாள். “எறங்கறேன். கதவத் தொற.”

இறங்கினாள். போய் வெயிலில் நின்றாள். பத்து நிமிடம் நின்றிருப்பாள். திருடன், போலீஸ், காப்பீடு, நாற்காலி ஜனம் என்று நான் இத்தனை பகுதியாகக் கத்திக்கொண்டிருந்தது எதற்கு என்று அந்தப் பத்து நிமிடத்தில் எனக்குப் புரிந்தது. கையில் கிடைத்த முகத்தையெல்லாம் அறைந்திருக்கிறேன், கண்ணாடியில் இருந்த ஒன்றைத் தவிர.

திரும்பி வந்து கதவைத் தட்டினாள்.

“உனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு வேலை. அதையே செய். பொய் சொல்லு.”

7

அவளுடைய திட்டத்துக்கு ஒரு உடைந்த பொத்தான்தான் ஆதாரம். நோரீனின் வண்டி ரேடியோ, அதாவது நாங்கள் சாலையில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் ரேடியோ, இரண்டு வருடமாக அணையாது. இன்ஜினைப் போட்டால் அதுவும் பேச ஆரம்பிக்கும். பதினெட்டாம் சேனலிலேயே நிற்கும், திருகு கையோடு வந்துவிட்டது. அந்த வண்டியை ஓட்டுகிறவன் எங்கள் ஜனத்தின் முழங்கால் வலி முழுவதையும் கேட்டே தீர வேண்டும். ஆனால் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் எட்டாது. அவன் பதில் பேசினால், அந்தத் தூரத்துக்குள்தான் எங்கேயோ இருக்கிறான் என்று அர்த்தம்.

ஆகவே மேடு மேடாக ஏறினோம். வியாழன் மத்தியானத்திலிருந்து. ஒவ்வொரு மேட்டிலும் வண்டியை நிறுத்தி மைக்கை எடுத்து நான் சொன்னது இது: எல்லாரும் கவனியுங்கள், பக்கவாட்டில் மஞ்சள் பட்டை போட்ட வண்டி ஒன்று திருடு போயிருக்கிறது. பார்த்தால் கிட்டே போகாதீர்கள். வண்டிக்காரி அடிபட்ட பாம்புகளுக்கு வைத்தியம் பார்க்கிறவள். உள்ளே இரண்டு பழுப்புப் பாம்பு இருக்கிறது, கடித்தால் ஆள் பிழைக்காத ஜாதி. ஒன்று ஆண், ஒன்று பெண். பெண் பாம்பு பதினேழு முட்டை இட்டிருந்தது, இந்த வாரம் பொரிக்கும். குட்டிகள் சூடு இருக்கும் இடமாகத் தேடிப் போகும். அவற்றை அவள் வண்டிக்குள் எங்கே வைத்திருந்தாள் என்றால் —

அங்கே நிறுத்திவிடுவேன். மைக்கை மாட்டிவிட்டு, ஐந்து நிமிடம் காத்திருப்போம்.

வாழ்நாளில் நான் கதையைப் பாதியில் விட்டதில்லை. இருபத்திரண்டு மேட்டில் இருபத்திரண்டு முறை விட்டேன். ஒரு லாரிக்காரர் என் தாயாரைப் பற்றி விசாரித்தார். ஒரு அம்மாள் பாம்புக்கு என்ன தீனி என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை முழுவதும் வேறு ஒன்றும் இல்லை. நோரீன் என்னோடு பேசவில்லை. மேடு வந்தால் கையைக் காட்டுவாள். சாப்பிடும் நேரம் வந்தால் எனக்கும் ஒரு சாண்ட்விச் செய்து, என் பக்கம் பார்க்காமல் நீட்டுவாள்.

(இந்த இடத்தில் கதை நொண்டுகிறது, தெரியும். அவன் உன் குரலை முன்பே கேட்டவனாயிற்றே, நீ புளுகன் என்று தெரியாதா என்பீர்கள். தெரியும். ஆனால் அவன் பக்கத்திலிருந்து பாருங்கள். போன தடவை இந்தக் கிழவன் நாயைப் பற்றிச் சொன்னது சிரிப்புக் கதை. சாவி மட்டும் சொன்ன இடத்தில் இருந்தது. இப்போது அவன் அந்தக் கட்டிலில் மூன்று நாளாகப் படுத்து எழுந்திருக்கிறான்.)

சனிக்கிழமை காலை பத்தே முக்கால். டேரல் புறப்பட்டுவிட்டான், பதினொன்றரைக்கே வந்துவிடுவான் போலிருக்கிறது. இருபத்துமூன்றாவது மேடு. ஒரு காய்ந்த ஓடையைப் பார்த்த மேடு, அதற்கு அந்தப் பக்கம் ஒரு வண்டியை ஒளித்துவைக்கும் அளவுக்கு நெருக்கமான மரங்கள். சொன்னேன். எங்கே வைத்திருந்தாள் என்றால், என்று நிறுத்தினேன். மாட்டினேன். ஒரு நிமிடம். இரண்டு. நோரீன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், டூவூம்பாவுக்குப் போகிறவள் மாதிரி.

ரேடியோ கரகரத்தது.

“அப்புறம்?” என்றது ஒரு குரல். வாயில் ஏதோ வைத்துக்கொண்டு பேசுகிற குரல். கொஞ்சம் பொறுத்து, “பெருசு, வெளையாடாத. பாம்ப எங்க வெச்சிருந்தா?”

நான் மைக்குக்குக் கை நீட்டினேன். நோரீன் என் மணிக்கட்டைப் பிடித்தாள். இரண்டு நாளில் முதல் முறையாக என்னிடம் பேசினாள்.

“வாயத் தொறந்த, கொன்னுடுவேன்.”

கைப்பையைக் கீழே வைத்தாள். பின்னாலிருந்து பூட்ஸை எடுத்தாள், பதிமூன்றாம் நம்பர். கட்டுப் போட்ட காலுக்கு மேல் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறையை மாட்டி, பூட்ஸுக்குள் காலை விட்டாள். சிவப்பு நாடாவைக் கட்டினாள். மஞ்சள் நாடாவைக் கட்டினாள். ஓடைப் பக்கம் கையைக் காட்டினாள். நான் இன்ஜினைப் போட்டேன். ரேடியோ இன்னொரு முறை, இன்னும் கிட்டத்தில், அப்புறம் என்றது.

8

முடிவுக்கு மூன்று பிரதி எழுதினேன்.

[வண்டி மரநிழலில் கதவு திறந்தபடி நின்றது. அவன் கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டு, கையில் துடைப்பத்தோடு —]

[ஓடை மணலில் சக்கரத் தடம் மட்டும் இருந்தது. பதினொன்றரைக்கு டேரலின் கார் —]

[புகை முதலில் தெரிந்தது. பிறகு —]

மூன்றில் ஒன்று நடந்தது. எது என்று எனக்குத் தெரியும், நான் அங்கே இருந்தேன். எழுதியும் வைத்திருந்தேன், ஒன்பது பக்கம். என் வாழ்நாளில் எழுதியதில் அதுதான் நன்றாக வந்திருந்தது. அதை நோரீனிடம் படிக்கக் கொடுத்தேன். கேட்காமல் இனி எதையும் சொல்வதில்லை என்று ஏற்பாடு. முழுக்கப் படித்தாள். இரண்டு இடத்தில் சிரித்தாள். பிறகு ஒன்பது பக்கத்தையும் மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

“மத்தத எழுதிக்கோ,” என்றாள். “நான் இப்ப எங்க தூங்கறேன், எந்த ஊரு, எந்தக் கதவு, அது மட்டும் ஒரு எழுத்து வரக்கூடாது. பேர மாத்திட்டேன்னு என்கிட்ட வராத. பேரு மாத்தறதெல்லாம் ஒரு பூட்டா?”

ஆகவே இந்த முறை எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். யாரவீனா என்று ஒரு ஊர் இல்லை, தேடாதீர்கள். கூலிபா மேடும் டிங்கோ குட்டையும் இல்லை. அவள் பெயர் நோரீன் இல்லை. மஞ்சள் பட்டை இல்லை. தட்டு, தட்டு இல்லை. பூட்ஸையும் மாற்றிவிட்டேன். உண்மையில் படியருகே இருந்தது வேறொன்று. அது இதைவிட எவ்வளவோ நன்றாக இருந்தது. கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். இரண்டு நிற நாடா போட்ட பூட்ஸ் அதன் கால்தூசி பெறாது. கதையின் பலவீனமான இடம் அதுதான் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுவார்கள். சொல்லட்டும், அப்படியே விட்டிருக்கிறேன். மாற்றாமல் விட்டது கோபத்தை மட்டும்தான், அதை எடுத்துக்கொண்டு எவனும் எந்த வண்டியையும் திறக்க முடியாது.

இங்கே நிறுத்துகிறேன். அடுத்த வார்த்தை உங்கள் வாயில் வந்து நிற்பது தெரிகிறது. கேட்டுவிடாதீர்கள். போன முறை அதைக் கேட்டவன் எங்கே இருக்கிறான் என்று கேட்ட மாத்திரத்தில் எங்களுக்குத் தெரிந்துபோயிற்று. என் பக்கத்து நாற்காலியில்தான் நோரீன் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருக்கிறாள். காது நன்றாகக் கேட்கும். காலில் அதைப் போட்டிருக்கிறாள். நான் பூட்ஸ் என்று எழுதினேனே, அதை.